தூங்கும் ஆந்தைக்குக் காவல்

என் மனைவி பனியில் குப்புறப் படுத்திருந்தாள். பாதையில் ஓடிவந்த இளைஞன் ஒருவன் எங்களைக் கண்டதும் நின்று, காதில் செருகியிருந்ததைக் கழற்றிவிட்டு, அம்புலன்சுக்கு அடிக்கவா என்று பிரெஞ்சில் கேட்டான். என்னைப் பார்த்த பார்வையில் கொஞ்சம் சந்தேகமும் இருந்தது. விழுந்து கிடக்கும் பெண்ணுக்குப் பக்கத்தில் ஒருவன் தேநீர்க் குடுவையை அணைத்தபடி சும்மா நின்றால் யாருக்குத்தான் சந்தேகம் வராது?

"ஒன்றுமில்லை, அவர் படம் எடுக்கிறார்" என்றேன்.

அவன் குனிந்து பார்த்தான். அவளுடைய கமராவுக்கு முன்னால் பனியைத் தவிர வேறெதுவும் தென்படவில்லை. அவள் தலையைத் தூக்காமல் இடது கையை மட்டும் உயர்த்தி அசைத்தாள். ஆள் உயிரோடுதான் இருக்கிறாள் என்று தெரிந்ததும் அவன் சிரித்துவிட்டு ஓடிப்போனான்.

"என்னப்பா கிடக்கு அதுக்குள்ளை?" என்று கேட்டேன்.

"வந்து பாருங்கோ. மிளகுத்தூள் கொட்டின மாதிரிக் கிடக்கு. ஆனா துள்ளுது."

முழங்காலைப் பிடித்துக்கொண்டு மெல்லக் குனிந்தேன். மேப்பிள் மரத்தின் அடியைச் சுற்றிப் பனி வட்டமாக உருகியிருந்தது. அந்த வட்டத்தின் விளிம்பில் ஊசிமுனை அளவில் கறுப்புப் பொட்டுகள். ஒன்றை உற்றுப் பார்த்தால் அது இருந்த இடத்தில் இல்லை, வேறோர் இடத்தில் இருந்தது. இந்த ஊர்க்காரர் இதைப் பனித் தெள்ளு என்பார்களாம். உண்மையில் தெள்ளு இல்லை, கடிக்காது, குளிர் இளகப் போகிறதென்று முதலில் மேலே ஏறி வருகிற உயிர்களில் இதுவும் ஒன்று என்று அவள் பனியில் கிடந்தபடியே எனக்கு விளக்கினாள். எத்தனையோ வருடங்களாக இந்த நகரத்தின் பனியை நான் வாரிக் கொட்டியிருக்கிறேன், அதில் சறுக்கி விழுந்திருக்கிறேன், வாய்க்கு வந்தபடி திட்டியிருக்கிறேன். அதற்குள் உயிர் துள்ளும் என்பதை அன்றைக்குத்தான் கண்டேன்.

மார்ச் மாதத்தின் கடைசிப் பகுதி அது, ஒரு ஞாயிற்றுக்கிழமை. நாட்காட்டி வசந்தம் என்று சொல்லிவிட்டது. மொன்றியல் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை. நாங்கள் குடியிருக்கும் கோட்-டெ-நெய்ஜில் தெருவோரப் பனிக்குவியல்கள் கரிப்பிடித்துக் கிடந்தன. அவை உருக உருக, போன வருடத்துக் கோப்பிக் குவளைகளும் ஒற்றைக் கையுறைகளும் ஒவ்வொன்றாக வெளியே வந்தன. ஆனால் பின்பக்கமாக மலைப் பூங்காவுக்கு ஏறிவிட்டால் எல்லாம் வெள்ளை. இரவில் உறைந்து பகலில் இளகும் நாட்கள் என்பதால் பாதை சில இடத்தில் கண்ணாடி, சில இடத்தில் கூழ். சப்பாத்துக்கு அடியில் இரும்புப் பற்களைக் கொளுவிக்கொண்டுதான் நடக்கவேண்டும். நான் அதோடும் தடுமாறுவேன். அவள் கார்டெரிப் பிள்ளைகள் போடுகிற மாதிரியான, உள்ளே பஞ்சு வைத்த பனிக் காற்சட்டையைப் போட்டுக்கொண்டு வாத்து மாதிரி ஆடி ஆடி எனக்கு முன்னால் போய்க்கொண்டிருப்பாள்.

கார்டெரி என்பது இங்கே வேலைக்குப் போகும் தாய் தகப்பன் தங்கள் சின்னப் பிள்ளைகளைக் காலையில் விட்டு மாலையில் கூட்டிப்போகும் இடம். அங்கே மூன்று வயதுக்காரர்களின் அறை அவளுடைய பொறுப்பு. வந்த புதிதில் அவள் தையல் தொழிற்சாலையில் வேலை செய்தாள். அது மூடப்பட்டபோது மற்றப் பெண்கள் வேறு தொழிற்சாலை தேடிப் போனார்கள். அவள் மட்டும் பள்ளிக்கூடத்துக்குப் போகப்போகிறேன் என்றாள். அப்போது அவளுக்கு நாற்பது கடந்துவிட்டது. எங்கள் மகளோ அவள் படிக்கப்போன அதே வருடத்தில்தான் கல்லூரிக்குப் போகத் தொடங்கினாள். நான் டாக்சி ஓட்டிக்கொண்டிருந்தேன். அவளை வகுப்புக்குக் கொண்டுபோய் இறக்கும் வழியில், முன் இருக்கையில் அவளை இருத்தி, என் தெருப் பிரெஞ்சில் அவளுக்குப் பாடம் சொல்லிக் கொடுப்பேன். சில மாதங்கள் போக ஒருநாள், "லா இல்லை, லெ" என்று என்னைத் திருத்தினாள். ஒவ்வொரு பொருளும் ஆணா பெண்ணா என்று பார்க்காமல் நான் எல்லாவற்றையும் பெண்ணாகவே வைத்துப் பேசியே பல வருடம் டாக்சி ஓட்டியிருந்தேன். அதன் பிறகு முன் இருக்கையில் மாணவனாக இருந்தது நான்தான்.

கமரா மகளுடையது. ஒட்டாவாவில் வேலை கிடைத்துப் போனபோது அதை அலுமாரியில் விட்டுவிட்டுப் போனாள். அது சும்மா கிடந்தது. பிறகு அந்தக் குளிர்காலத்தின் தொடக்கத்தில், மத்தியானத் தூக்க நேரத்தில், தூங்கவே தூங்காத ஒரு பெண்பிள்ளை என் மனைவியிடம், பறவைகள் எங்கே தூங்கும் என்று கேட்டிருக்கிறது. கூட்டில் என்று இவள் சொல்லியிருக்கிறாள். கூடெல்லாம் வெறுமையாகத்தானே இருக்கிறது, நான் பார்த்தேனே என்றதாம் பிள்ளை. அன்று மாலை வீட்டுக்கு வந்தவள் சப்பாத்தைக் கழற்றமுதலே அலுமாரியைத் திறந்து கமராவை எடுத்தாள்.

"எனக்குத் தெரியாதெண்டு சொல்லிப்போட்டு வந்திட்டன். தேடிப் பாத்து வந்து சொல்லுறன் எண்டும் சொல்லிப்போட்டன். பிள்ளையளுக்குச் சொன்னால் செய்யோணும்."

அப்படித்தான் எங்கள் ஞாயிற்றுக்கிழமைகள் மலைக்குப் போயின. அவள் படம் எடுப்பாள். நான் முக்காலியைத் தூக்குவேன், தேநீர் சுமப்பேன். அதற்கு மேல் எனக்கு ஒரு வேலையும் இல்லை. ஆனால் அந்த வேலையை நான் வேறு யாருக்கும் விட்டுக்கொடுக்கமாட்டேன்.

அன்றைக்குப் பனித் தெள்ளிலிருந்து எழுந்தவள் அடுத்ததாக ஒரு முறிந்த கிளையடியில் நின்றாள். மேப்பிள் மரத்தின் சாறு பகலில் வழிந்து இரவில் உறைந்து, கிளை நுனியில் விரல் நீளத்துக்குத் தொங்கிக்கொண்டிருந்தது. சாம்பல் நிற அணிலொன்று தலைகீழாகப் பிடித்துக்கொண்டு அதை நக்கியது. அவள் படம் எடுத்து முடித்து, அணில் போனபின் கையுறையைக் கழற்றி, சொட்டிய துளியை விரலில் ஏந்தி நாக்கில் வைத்துப் பார்த்தாள்.

"இனிக்குதோ?"

"தண்ணிதான். விழுங்கினாப் பிறகு கொஞ்சம் இனிப்பு வருது. பாருங்கோவன்."

நானும் பார்த்தேன். எனக்குத் தண்ணீராகவே இருந்தது. இனிக்குது என்று சொல்லிவைத்தேன்.

மேலே ஏறும் பாதை வளைகிற இடத்தில் பீச் மரங்கள் நிற்கின்றன. மற்ற மரங்கள் எல்லாம் இலையைக் கொட்டிவிட்டு நிற்க, இவை மட்டும் போன வருடத்து இலையைப் பிடித்துவைத்திருக்கும். அப்பளம் போல வெளிறி, காற்றடித்தால் சரசரவென்று சத்தமிடும். அந்தச் சத்தத்துக்கு அப்பால் ஆட்களின் குரல் கேட்டது. வளைவைத் தாண்டியதும் ஒரு கூட்டத்தைக் கண்டோம். பத்துப் பன்னிரண்டு பேர் இருக்கும். எல்லோரும் ஒரே மரத்தைப் பார்த்து நின்றார்கள். பெரும்பாலானவர்களிடம் கை நீளத்துக்கு லென்ஸ். முக்காலிகள் பனியில் குத்தி நின்றன.

பழைய ஓக் மரம் அது. தலைக்கு மேலே உயரத்தில் கிளை ஒடிந்த இடம் பொந்தாகியிருந்தது. முதலில் எனக்கு ஒன்றும் தெரியவில்லை. பொந்தின் வாயை மரப்பட்டை மூடியிருக்கிறது என்றுதான் நினைத்தேன்.

"மரப்பட்டை இல்லையப்பா. வடிவாப் பாருங்கோ" என்று அவள் என் தோளைப் பிடித்துத் திருப்பினாள்.

பட்டைக்கு இரண்டு காதுகள் இருந்தன. பிறகு மூடிய கண்கள் இரண்டு கோடுகளாகத் தெரிந்தன. பிறகு அலகு. உள்ளங்கையில் வைக்கக்கூடிய அளவு சின்ன ஆந்தை ஒன்று, பொந்தின் வாசலில் குந்தியிருந்து வெயில் காய்ந்துகொண்டே தூங்கிக்கொண்டிருந்தது. சாம்பலும் மண்ணிறமுமாக அதன் சிறகில் இருந்த கீறல்கள் அப்படியே மரத்தில் இருந்த கீறல்கள்தான். மூச்சு விடும்போது மட்டும் நெஞ்சுச் சிறகு மெல்ல விரிந்து ஒடுங்கியது. அவள் என் தோளில் வைத்த கையை எடுக்கவில்லை. அவள் இத்தனை மாதமாகத் தேடியது இதைத்தான் என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது.

நான் முக்காலியை விரித்துக்கொண்டிருந்தபோது 'தொப்' என்று ஒரு சத்தம்.

மரத்தில், பொந்துக்குக் கொஞ்சம் கீழே, பனி அப்பியிருந்தது. கூட்டத்தின் முன்வரிசையில் நின்ற ஒரு மனிதர் கையைத் தட்டிக்கொண்டிருந்தார். வேட்டைக்காரர்கள் போடுகிற மாதிரி இலை தழை அச்சடித்த கோட், நல்ல உயரம், ஐம்பது வயது இருக்கலாம். அங்கே நின்ற லென்ஸ்களுக்குள் பெரியது அவருடையது. ஆந்தை அசையவில்லை. அவர் குனிந்து ஈரப் பனியை அள்ளி இரண்டு கைகளாலும் உருட்டி இன்னொன்றும் எறிந்தார். அது இன்னும் மேலே போய் விழுந்தது. ஆந்தை உடம்பை ஒடுக்கிக்கொண்டது. கண் திறக்கவில்லை.

கூட்டத்தில் ஒரு முணுமுணுப்பு எழுந்தது. ஒருவர் தலையை ஆட்டினார். வெள்ளை முடி வைத்த ஒரு மூதாட்டி தொலைநோக்கியைக் கீழே இறக்கி அவரைப் பார்த்தார். ஒருவரும் வாய் திறக்கவில்லை. அந்த மனிதர் மூன்றாவது உருண்டையைப் பிடிக்கத் தொடங்கினார்.

என் மனைவி கமராவைக் கழுத்திலிருந்து கழற்றி என் கையில் தந்தாள். அவள் என்ன செய்யப்போகிறாள் என்று எனக்கு விளங்கிவிட்டது.

"விடுமப்பா. எங்களுக்கேன் சோலி" என்றேன்.

"நீங்கள் இதைப் பிடியுங்கோ."

ஆடி ஆடி நடந்து அவருக்கு முன்னால் போய் நின்றாள். அவருடைய நெஞ்சு உயரம்கூட அவள் இல்லை. அண்ணாந்து அவர் முகத்தைப் பார்த்தாள். அவள் கோபப்படுவாள் என்றுதான் நான் நினைத்தேன். அவளுடைய குரல் அப்படி வரவில்லை. அமைதியாக, ஒவ்வொரு சொல்லாக, சிரிப்புமில்லாமல் கோபமுமில்லாமல் வந்தது.

"மெஸ்யூ. ஒன் லான்ஸ் பா லா நெய்ஜ். இல் ஃபெ டோடோ."

ஐயா, பனி எறியக்கூடாது, அது தூங்குகிறது என்பதுதான் அதன் பொருள். ஆனால் தூங்குவதற்கு அவள் சொன்ன அந்த 'டோடோ' என்ற சொல்லைப் பெரியவர்கள் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்வதில்லை. தொட்டிலில் கிடக்கும் பிள்ளைக்குச் சொல்வது. கூட்டத்தில் யாரோ மூச்சை உள்ளே இழுத்தார்கள்.

அவர் திகைத்துப்போனார். தான் விடியற்காலையிலிருந்து நிற்பதாகவும், ஒவ்வொரு ஞாயிறும் இதற்காகவே ஆற்றுக்கு அந்தப் பக்கம் புரோசார்டிலிருந்து வருவதாகவும், ஒருநாள்கூட இது கண்ணைத் திறந்து காட்டவில்லை என்றும், கண் இல்லாத படம் என்ன படம் என்றும் வேகமாகச் சொன்னார். அவள் குறுக்கிடாமல் முழுவதையும் கேட்டாள். பிறகு தலையை ஆட்டினாள்.

"காத்திருப்பது கஷ்டம். எனக்குத் தெரியும்" என்று பிரெஞ்சில் சொல்லிவிட்டு, வலது கையை நீட்டினாள். உள்ளங்கை மேலே பார்க்க.

எனக்கு அந்தக் கையைத் தெரியும். கார்டெரி வாசலில் எத்தனையோ தரம் பார்த்திருக்கிறேன். மற்றப் பிள்ளையின் மண்டையில் எறிவதற்காக மரக்கட்டையை ஓங்கி நிற்கும் பிள்ளைக்கு முன்னால் அவள் இப்படித்தான் கையை நீட்டுவாள். பறிக்கமாட்டாள். அதட்டமாட்டாள். தருவாய் என்ற நிச்சயத்தோடு நீட்டிக்கொண்டிருப்பாள், எவ்வளவு நேரமானாலும்.

அவர் அந்தக் கையைப் பார்த்தார். சுற்றி நின்றவர்களைப் பார்த்தார். திரும்பவும் கையைப் பார்த்தார். பிறகு அந்தப் பெரிய மனிதர், தன் கையிலிருந்த பனி உருண்டையைக் கொண்டுவந்து அவளுடைய உள்ளங்கையில் வைத்தார்.

"மெர்சி" என்றாள். குனிந்து அதை நிலத்தில் வைத்தாள், முட்டையை வைப்பதுபோல மெதுவாக.

யாரோ சிரித்தார்கள். ஏளனமாக இல்லை. அந்தச் சிரிப்பு எல்லோருக்கும் பரவி, கடைசியில் அவருக்கும் வந்தது. அவருடைய காதுகள் சிவந்திருந்தன. வெள்ளை முடி மூதாட்டி என் மனைவியிடம் வந்து, நீங்கள் பூங்காவின் காவல் ஊழியரா என்று கேட்டார். இல்லை, கார்டெரியில் வேலை என்று இவள் சொன்னபோது, அப்படியா, அதுதானே பார்த்தேன் என்று மூதாட்டி விழுந்து விழுந்து சிரித்தார். நாங்கள் எல்லோரும் நினைத்ததை நீங்கள் சொல்லிவிட்டீர்கள் என்றும் சொன்னார். அந்த ஆந்தைக்குப் பிரெஞ்சில் சின்னப் பிரபு என்று பொருள்படும் பெயர் என்பதையும் அவர்தான் சொன்னார். அது என் மனைவிக்கு மிகவும் பிடித்துப்போயிற்று. சின்னப் பிரபு, சின்னப் பிரபு என்று தமிழில் தனக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டாள்.

நான் இரண்டு கைகளிலும் கமராவைப் பிடித்தபடி, இரும்புப் பற்கள் பனியில் புதைய அதே இடத்தில் நின்றேன். அங்கே நின்ற ஒவ்வொருவரிடமும் போய், இவர் என்ர மனுசி என்று சொல்லவேண்டும்போல இருந்தது.

பொந்து நேராகத் தெரிகிற இடம் அந்த மனிதர் நின்ற இடம்தான். அவள் என்னிடமிருந்து கமராவை வாங்கிக்கொண்டு முக்காலியோடு அங்கேயே போனாள். அவர் ஒரு சொல்லும் சொல்லாமல் தன் முக்காலியின் கால் ஒன்றை மடக்கி இடம் விட்டார். இருவரும் பக்கத்துப் பக்கத்தில் நின்று காத்திருந்தார்கள். வெயில் மெல்ல நகர்ந்து பொந்துக்குள் இன்னும் ஆழமாக விழுந்தது. பனி உருகி மரத்தின் ஒரு பக்கம் கறுப்பாக நனைந்திருந்தது.

"அதற்கு இரவு வேலை" என்று அவள் அவரிடம் சொல்வது கேட்டது. "பகலில் தூங்கத்தான் வேண்டும்." பிறகு என் பக்கம் கையைக் காட்டினாள். "என் கணவரும் இப்படித்தான் இருந்தார். இரவு முழுவதும் டாக்சி. பகலில் தூக்கம். அவருக்கு யாரும் பனி எறிய நான் விடவில்லை."

அவர் திரும்பி என்னைப் பார்த்தார். என்ன செய்வதென்று தெரியாமல் நான் தலை குனிந்து வணக்கம் சொன்னேன்.

அவள் சொன்னது உண்மை. மகள் சின்னப் பிள்ளையாக இருந்த வருடங்களில் நான் விடியற்காலையில் வீட்டுக்கு வந்து, சன்னலில் போர்வை தொங்கவிட்ட அறையில் பின்னேரம் வரை தூங்குவேன். தையல் தொழிற்சாலையில் அவளுக்குப் பின்னேர வேலை. நான் எழும்பும் வரைக்கும் அவள்தான் வீட்டில் நிற்பாள். அது மலிவான அடுக்குமாடி, சுவர்கள் காகித மட்டை மாதிரி மெல்லியவை. மேல்வீட்டில் மரவேலை செய்கிற ஒருவர் இருந்தார். கீழ்வீட்டில் நாய். எனக்கு அது ஒன்றும் தெரியாது, ஏனென்றால் ஒருநாளும் நான் இடையில் எழும்பியதில்லை. ஏன் எழும்பவில்லை என்பதைப் பல வருடங்களுக்குப் பிறகு மகள்தான் சொன்னாள். அம்மா மீன் ரோல்ஸ் பொரித்துத் தட்டில் வைத்துக்கொண்டு மாடிப்படி ஏறி மேல்வீட்டுக் கதவைத் தட்டுவாளாம். அவளுக்குப் பிரெஞ்சில் அப்போது ஒரேயொரு முழு வசனம் தெரியும். மோன் மாரி டோர். என் கணவர் தூங்குகிறார். வாசலில் நின்று அந்த ஒரு வசனத்தைச் சொல்லித் தட்டை நீட்டுவாளாம். மரவேலைக்காரர் தன் மரம் அறுக்கும் வாளை வேறு நேரத்துக்கு மாற்றிக்கொண்டார். நாய்க்காரி நாயைக் கூட்டிக்கொண்டு வெளியே போனாள். வாசலுக்கு வந்த விற்பனைக்காரர், வீட்டுச் சொந்தக்காரர், மதம் பரப்ப வந்தவர்கள் எல்லோருக்கும் அதே வசனம்தான். மகள் பள்ளியில் கற்ற பிரெஞ்சுப் பாட்டை வாயசைத்து, சத்தமில்லாமல் பாடப் பழகியிருந்தாள்.

அந்தத் தூக்கத்தின் பலத்தில்தான் நான் ஒரு விபத்தும் இல்லாமல் அத்தனை வருடம் வண்டி ஓட்டினேன்.

கொஞ்ச நேரத்தில் குளிர் ஏறத் தொடங்கியது. கூட்டம் ஒவ்வொருவராகக் கலைந்து, மூதாட்டியும் கையசைத்துவிட்டுப் போய், கடைசியில் நாங்கள் மூவரும் மிஞ்சினோம். அவள் தூங்கும் ஆந்தையை வேண்டியமட்டும் எடுத்துவிட்டாள். போகலாம் என்று நான் கண்ணைக் காட்டினேன். அவள் அந்த மனிதரின் கைகளைப் பார்த்தாள். கையுறை நனைந்து விறைத்திருந்தது.

"தேத்தண்ணி மிச்சம் கிடக்கோ?"

"கிடக்கு."

குடுவையின் மூடியில் ஊற்றி இரண்டு கைகளாலும் அவருக்கு நீட்டினாள். இஞ்சியும் சீனியும் தூக்கலாகப் போட்ட தேநீர். அவர் ஒரு வாய் குடித்துவிட்டுக் கண்ணை அகல விரித்தார். அந்த நேரம் பார்த்துத்தான் கறுப்புத் தொப்பி போட்ட சின்னக் குருவிகள் நாலைந்து பக்கத்துக் கிளையில் வந்து விழுந்து, ஆந்தையைக் கண்டு, கள்ளனைக் கண்ட ஊர்ச்சனம் மாதிரிக் கத்தத் தொடங்கின. ஆந்தை கண்ணைத் திறந்தது. ஒரு கண்ணை மட்டும். நல்ல மஞ்சள். அந்தக் குருவிகளை ஒரு பார்வை பார்த்தது. பிறகு மூடிக்கொண்டது.

அவர் ஒரு கையில் மூடியைப் பிடித்தபடியே மற்றக் கையால் பொத்தானை அழுத்திவிட்டார். என் மனைவி அதற்குள் குடுவையை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள், கமராவைத் தொட முடியவில்லை.

காலையிலிருந்து ஏறி, ஆந்தையைக் காப்பாற்றி, தேநீரும் கொடுத்து, கண் திறந்த படம் போயும் போயும் பனி எறிந்தவருக்கா என்றுதான் நினைத்தேன். அவர் கமராவின் திரையை அவளுக்குக் காட்டினார். அவள் எட்டிப் பார்த்தாள்.

"மிக நன்றாக இருக்கிறது. காத்திருந்தீர்கள், கிடைத்தது" என்று சொன்னாள். பிள்ளைகளைப் பாராட்டும் அதே குரல். அதில் ஒரு பொய்யும் இல்லை. அவர் தேநீர் மூடியைத் துடைத்து அவளிடம் கொடுத்தார். உங்களுக்கும் இந்தப் படம் வேண்டுமென்றால் அனுப்புகிறேன் என்றார். அவள் வேண்டாம் என்று மரியாதையாகச் சொன்னாள்.

இறங்கி வரும் வழியில் கேட்டேன். "ஏன் வேண்டாமெண்டனீர்? கண் திறந்த படமெல்லே அது."

"எனக்கு நித்திரை கொள்ளுற படந்தான் வேணும். பிள்ளை கேட்டது பறவையள் எங்கை நித்திரை கொள்ளுமெண்டு. முழிச்சிருக்கிறதைக் காட்டி நான் என்ன சொல்லுறது?"

"சரி. உமக்கு அந்தாளைப் பார்க்கப் பயமாயிருக்கேல்லையோ?"

அவள் யோசித்தாள். உறைந்த இடமொன்றில் என் கையைப் பிடித்து என்னை இறக்கிவிட்டாள்.

"பயமோ? எங்கடை அறையிலை ஒருத்தர் இருக்கிறார். கட்டை எறியிறவர். கட்டையைக் கேட்டால் தரமாட்டார், கையைக் கடிப்பார். அவரோடை பாக்கேக்கை இவர் நல்ல பிள்ளை."

படம் பெரிதாக அச்சாகிக் கார்டெரியின் தூக்க அறைக்குப் போனது. சுவரில் உயர்த்தி மாட்டாமல், பாயில் படுத்திருக்கும் பிள்ளையின் கண்ணுக்கு நேரே வரும்படி தரையோடு ஒட்ட வைத்தாள். தூங்காத அந்தப் பெண்பிள்ளை முதல்நாள் படத்துக்கு முன்னால் பாயைப் போட்டுக்கொண்டு, ஆந்தை எழும்பும்வரை பார்த்துக்கொண்டிருக்கப் போகிறேன் என்று கிடந்ததாம். அது எழும்பவில்லை. பிள்ளை தூங்கிவிட்டது. இந்தச் செய்தியை அவள் மத்தியான இடைவேளையில் எனக்குத் தொலைபேசியில் மெல்லிய குரலில் சொன்னாள். நான் ஒரு நல்ல தேர்தல் செய்தியைக் கேட்பவன்போலச் சமையலறையில் எழுந்து நின்று கேட்டேன்.

இன்னொரு படத்தை வீட்டின் வரவேற்பறையில் நான் மாட்டினேன். ஆணி அடித்தது மட்டும்தான் என் பங்கு. அது எனக்குப் பெருமையாக இருந்தபடியால் போனில் பிடித்து உறவினருக்கெல்லாம் அனுப்பினேன். ரொறன்ரோவிலிருந்து அண்ணை உடனே தொலைபேசி எடுத்தார்.

"என்னடாப்பா, ஆந்தையைக் கொண்டுவந்து வீட்டுக்கை மாட்டியிருக்கிறாய். உது வீட்டுக்கு ஆகாதெல்லே. கழட்டு."

"அண்ணை, இது எடுத்தது என்ர மனுசி."

"ஆர் எடுத்தாலும் ஆந்தை ஆந்தைதானே."

"எப்பிடி எடுத்தவ எண்டு கேளுங்கோ முதல்."

சொன்னேன். கோட் போட்ட மனிதரையும், பனி உருண்டையையும், அவள் நீட்டிய கையையும், அவர் அதைக் கொண்டுவந்து அதற்குள் வைத்ததையும் ஒன்றும் விடாமல் சொன்னேன்.

"அந்த வெள்ளைக்காரன் குடுத்திட்டானோ?" என்று மெதுவாகக் கேட்டார்.

"ஓம் அண்ணை. கையிலை வைச்சிட்டார்."

"ம்" என்றார். பேந்து எடுக்கிறன் என்று வைத்துவிட்டார்.

அவர் எடுக்கவில்லை. அடுத்த கிழமை அவருடைய மனைவி, மச்சாள்தான் எடுத்தா. ஸ்காபரோவில் ஒரு கலியாண வீட்டில், சாப்பாட்டு வரிசையில் நின்ற ஆட்களையெல்லாம் மறித்து, அண்ணை போனைத் திறந்து ஆந்தையைக் காட்டிக் கதை சொல்லிக்கொண்டு நின்றாராம். சாப்பாடு ஆறுது வாங்கோ என்று கூப்பிட்டும் வரவில்லையாம். அவருடைய கதையில் அந்த மனிதர் ஏழடி உயரம் ஆகிவிட்டார், பனி உருண்டை தேங்காய் அளவு.

"கடைசியிலை என்ன சொல்லுறார் தெரியுமோ?" என்று மச்சாள் சிரித்தா. "'என்ர தம்பியின்ரை மனுசி, மொன்றியலிலை ரீச்சர்' எண்டு சொல்லிப்போட்டுத்தான் போனை மூடுறார்."

மனைவி அடுப்படியில் நின்றாள். நான் தொலைபேசியைக் காதிலிருந்து எடுத்து, மச்சாளை அதைத் திரும்ப ஒருமுறை சொல்லச் சொல்லி, அவளுக்குக் கேட்கும்படி சத்தத்தைக் கூட்டி வைத்தேன்.